மலையில் விளையும் தானியம், மனையில் சுடும் பலகாரம்

கிராம மக்களின் வாழ்வு வளம் பெற வேண்டுமாயின், நிலத்தில் விளையும் பொருள் பெருகினால் மட்டும் போதாது. விளைந்த பொருள் விளைவித்தவர் வீட்டுக் கலத்திலும் வந்து சேர வேண்டும். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைக் கல்வராயன் மலையில் தெளிவாகக் காணலாம். அங்கே சாமை விளைகிறது. கேழ்வரகும் தினையும் விளைகின்றன. மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சிச் சமவெளியில் நிலக்கடலையும் எள்ளும் கரும்பும் விளைகின்றன. ஆயினும் மலைவீட்டுக் குழந்தை பள்ளி விட்டு வந்ததும் கையில் எடுப்பது, பெரும்பாலும் எங்கோ ஒரு நகரத்து ஆலையில் மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் சேர்த்துச் செய்த பிஸ்கட்டுப் பொட்டலமே. சாமை மூட்டை மலையிறங்குகிறது, பொட்டலம் மலையேறுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள விலை வேற்றுமை மலைக்குடும்பத்தின் கையைவிட்டுப் போகிறது. அதனுடன் சத்தும் போகிறது.

இந்நிலையை ஒரு சிறிய அளவிலேனும் மாற்றக்கூடிய வீட்டுத் தொழில் ஒன்றைப் பற்றி இக்கட்டுரை விளக்குகிறது. தானியம், வித்து, உலர்ந்த பழம் ஆகியவற்றைச் சேர்த்து, ஒரே வாயில் கொள்ளும் அளவில் சுட்டெடுக்கும் பலகாரமே அது. அதை எவ்வாறு செய்வது, ஏன் அவ்வாறு செய்ய வேண்டும், அதற்குப் பஞ்சாயத்து எந்த வகையில் துணை நிற்க வேண்டும் என்பவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஓட்ஸும் சாமையும்

மேலைநாடுகளில் இத்தகைய பலகாரத்தை ஓட்ஸ் என்னும் தானியத்தைக் கொண்டு செய்கிறார்கள். இப்போது நம் நகரங்களிலும் அவ்வழக்கம் பரவியிருக்கிறது. ஓட்ஸ் குளிர்ந்த தட்பவெப்பத்தை விரும்பும் பயிர். இந்தியாவில் அது வடமாநிலங்களில் பெரும்பாலும் கால்நடைத் தீவனத்திற்காகவே பயிரிடப்படுகிறது. அதன் மணியை உமி நீக்கி, ஆவியில் வேகவைத்து, உருளைகளுக்கிடையே நசுக்கி அவல்போல் ஆக்கி விற்கிறார்கள். நார்ச்சத்து மிகுந்த நல்ல தானியமே அது. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் கல்வராயன் மலையில் வாழ்பவர் அதை விலை கொடுத்து வாங்கித்தான் உண்ண வேண்டும் என்ற கட்டாயம் சிறிதும் இல்லை.

கல்வராயன் மலை, ஜவ்வாது மலை, சேர்வராயன் மலை, கொல்லி மலை, பச்சைமலை ஆகியவற்றுடன் கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. இதன் ஒரு பகுதி சேலம் மாவட்டத்திலும், வெள்ளிமலையை உள்ளிட்ட பகுதி கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கியுள்ளன. கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. மலையில் வாழ்வோருட் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சரிவு நிலங்களில் மழையை மட்டுமே நம்பிச் சாமை பயிரிட்டு வந்துள்ளனர். வளம் குறைந்த மண்ணிலும், உரமும் பாசனமும் இன்றி, ஏறக்குறைய மூன்று மாத காலத்தில் விளைந்து பலன் தருவது சாமை. இந்த இயல்பு வேறு தானியங்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

தானிய மாவை இனிப்புடன் பிசைந்து உண்பது நமக்குப் புதிதன்று. தேனும் தினைமாவும் கலந்து முருகனுக்கு வள்ளி அளித்ததாக வழங்கும் கதையை அறியாதவர் நம் நாட்டில் இல்லை. எள்ளுருண்டை, கடலை உருண்டை, பொரிவிளங்காய் உருண்டை ஆகியவை இன்றும் நம் வீடுகளில் உள்ளன. சுட்ட சத்து உருண்டை இவற்றின் தங்கையே அன்றி, அயல்நாட்டிலிருந்து வந்த விருந்தாளி அன்று.

சத்துக் கணக்கு

2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கும், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கும் இரத்தசோகை இருந்தது. வயிறு நிறைவது வேறு, உடல் நிறைவது வேறு என்பதை இந்த எண்கள் நமக்கு உணர்த்துகின்றன. 2011ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் அரிசி பெறும் குடும்ப அட்டைகளுக்கு விலையின்றி அரிசி வழங்கப்படுவதால் பசியின் கொடுமை பெரிதும் தணிந்துள்ளது. அதன் அருமையை எவரும் மறுக்க இயலாது. ஆனால் நன்கு தீட்டிய அரிசியையே மூன்று வேளையும் உண்பதால் மாவுச்சத்து கிடைக்குமே ஒழிய, பிற சத்துக்கள் போதிய அளவில் கிடைப்பதில்லை.

அதிகம் தீட்டாத சாமையரிசியில் உள்ள நார்ச்சத்து, தீட்டிய நெல்லரிசியில் உள்ளதைக் காட்டிலும் இருமடங்குக்கு மேற்பட்டது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. அதே எடையுள்ள அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உள்ளது. தோல் நீக்காத எள்ளில் இச்சத்து 1000 மில்லிகிராமுக்கும் அதிகம். நிலக்கடலையில் நாலில் ஒரு பங்கு புரதம். நாம் பெரும்பாலும் எறிந்துவிடும் பூசணி விதையில் இரும்புச் சத்தும் துத்தநாகச் சத்தும் உள்ளன. தானியத்தின் புரதத்தில் குறைவாக உள்ள பகுதியைக் கடலையின் புரதம் ஓரளவு ஈடு செய்யும். எள் அதற்கு மேலும் துணை செய்யும். ஆகையால் இவற்றைத் தனித்தனியே உண்பதைவிடச் சேர்த்து உண்பது மேல்.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இப்பலகாரம் மருந்தன்று. இரத்தசோகை உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையையும் குடற்புழு நீக்க மருந்தையும் நிறுத்திவிட்டு இதை நம்பியிருத்தல் தவறு. அன்றாட உணவின் குறையை அன்றாடம் சிறிது சிறிதாக நிரப்புவதே இதன் வேலை.

சிறிதாகச் சுடுவதன் காரணம்

கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடும் தன்மையுள்ள ஒரு பசை உண்டாகிறது. ரொட்டி உதிராமல் நிற்பது அதனாலேயே. சாமையிலும் கேழ்வரகிலும் அப்பசை இல்லை. எனவே இவற்றின் மாவைக் கொண்டு பெரிய அளவில் ரொட்டியோ பிஸ்கட்டோ செய்தால், ஆறியதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பலர் ஒருமுறை செய்துபார்த்து, 'சிறுதானியம் இதற்கு ஏற்றதன்று' என்று கைவிடுவதற்கு இதுவே காரணம்.

இக்குறைக்குப் பரிகாரம் இரண்டு. முதலாவது, ஒட்டும் பொருளை வேறிடத்திலிருந்து பெறுவது. நன்கு கனிந்த வாழைப்பழமும், இளம்பாகாகக் காய்ச்சிய வெல்லமும் இவ்வேலையைச் செய்யும். இரண்டாவது, பலகாரத்தைச் சிறியதாகச் செய்வது. சிறிய உருண்டையில் வெப்பம் விரைவில் நடுப்பகுதியை அடைகிறது. உள்ளே வேகும் முன் வெளியே கருகிப் போவதில்லை. ஈரம் சீராக வெளியேறுவதால் நாள்பட இருக்கும். கடிக்கும்போது உடைந்து சிதறுவதுமில்லை. குழந்தைக்கு எத்தனை கொடுத்தோம் என்று கணக்கிடவும் எளிது.

எண்ணெயில் பொரிக்கும் பலகாரங்களை நோக்க, சுடும் பலகாரத்திற்கு எண்ணெய்ச் செலவு மிகக் குறைவு. பாகில் உருட்டும் உருண்டைகளை நோக்க, வெல்லமும் குறைவாகவே வேண்டும். ஏனெனில் இங்கே வெல்லம் மட்டுமே பொருள்களைப் பிணைத்து நிறுத்த வேண்டியதில்லை.

வேண்டிய பொருள்கள்

ஏறக்குறைய 60 உருண்டைகள் செய்யக் கீழ்க்கண்டவை தேவை:

சாமையரிசி — 200 கிராம்
கேழ்வரகு மாவு — 100 கிராம்
வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை — 75 கிராம்
எள் — 50 கிராம்
தோலுரித்த பூசணி விதை — 25 கிராம்
உலர்ந்த பழம் — 100 கிராம்
வெல்லம் — 150 கிராம்
நன்கு கனிந்த வாழைப்பழம் — தோல் நீக்கி 150 கிராம்
நல்லெண்ணெய் அல்லது நெய் — 50 கிராம்
சுக்குப் பொடி, ஏலப்பொடி, உப்பு — சிறிதளவு

இந்த அளவின்படி செய்த ஓர் உருண்டையில் வெல்லம் இரண்டரை கிராம். புரதம் ஏறக்குறைய ஒரு கிராம். அதனால் கிடைக்கும் சக்தி ஏறக்குறைய 50 கலோரி. பள்ளிப் பிள்ளைக்கு மாலையில் நான்கு உருண்டைகள் போதும். வெல்லமும் இனிப்புதான், எனவே நீரிழிவு நோய் உள்ளவர்கள் 'இது சத்துணவு' என்று எண்ணி அளவின்றி உண்ணலாகாது.

உலர்ந்த பழம் பற்றி

கடையில் கிடைக்கும் உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் நல்லவையே. ஆனால் வீட்டில் உள்ள வாழைப்பழத்தையும் பலாச்சுளையையும் உலர்த்திக்கொண்டால் செலவு குறையும். விலை விழுந்த காலத்தில் பழம் வீணாவதும் குறையும். கருமந்துறை அரசுத் தோட்டக்கலைப் பண்ணை அமைந்துள்ள இம்மலைப் பகுதியில் பழமரங்களுக்குக் குறைவில்லை.

பழுத்து, ஆனால் குழையாத வாழைப்பழத்தைக் கால் அங்குலக் கனத்தில் வில்லைகளாக அரிந்து, எலுமிச்சம்பழச் சாறு கலந்த நீரில் தோய்த்தெடுத்தால் நிறம் அதிகம் கறுக்காது. இவற்றைத் தரையில் பரப்பலாகாது. இடுப்பளவு உயரப் பரணில் சுத்தமான துணி விரித்துப் பரப்பி, மேலே ஈ மொய்க்காதவாறு மெல்லிய துணி கட்டி வெயிலில் வைக்க வேண்டும். மாலையில் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். நல்ல வெயிலில் மூன்று நான்கு நாட்களில், விரலால் அழுத்தினால் ஈரம் கசியாமல் தோல்போல் வளையும் பதம் வரும். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வைக்கலாம். மலையில் மேகமூட்டம் மிகுந்த மாதங்களில் இம்முயற்சி பயன் தராது, பூஞ்சைக்கே இடமளிக்கும்.

செய்யும் முறை

1. சாமையரிசியைக் கல் நீக்கிக் கழுவி, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்திக்கொள்ளவும். ஊறுவதால் தானியத்தில் இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கும் பொருள் ஓரளவு குறைகிறது. கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைத்தால் இப்பயன் இன்னும் மிகும்.

2. உலர்ந்த சாமையை இருப்புச் சட்டியில் மணம் வரும் வரை இளந்தீயில் வறுத்து, மெல்லிய ரவையாக உடைத்துக்கொள்ளவும். கேழ்வரகு மாவையும் பச்சை மணம் போக வறுக்கவும். தீட்டாத சிறுதானிய மாவில் எண்ணெய்ப் பசை இருப்பதால் வறுக்காமல் வைத்தால் சில நாட்களிலேயே சிக்கல் வாடை வீசும். வறுப்பது அதைத் தாமதப்படுத்தும்.

3. எள்ளையும் பூசணி விதையையும் தனித்தனியே வெடிக்கும் பதத்தில் வறுத்தெடுக்கவும். நிலக்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ளவும். உலர்ந்த பழத்தைப் பொடியாக அரியவும்.

4. வெல்லத்தைக் கால் டம்ளர் நீரில் கரைத்து வடிகட்டி, மண் நீக்கி, விரலில் தொட்டால் சற்றே ஒட்டும் இளம்பாகாகக் காய்ச்சவும். கம்பிப் பதம் வரவிட்டால் பலகாரம் கல்லாகிவிடும்.

5. வாழைப்பழத்தை மசித்து, எண்ணெயும் ஆறிய பாகும் சேர்த்துக் கலக்கி, எல்லாப் பொருள்களையும் இட்டுப் பிசையவும். கொழுக்கட்டை மாவின் பதம் இருத்தல் வேண்டும். மூடி அரைமணி நேரம் வைத்தால் சாமை ரவை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மிருதுவாகும். இறுகிவிட்டால் ஒரு கரண்டி வெந்நீர் தெளிக்கலாம்.

6. பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக உருட்டி, மேற்புறத்தைச் சிறிது அமுக்கி, எண்ணெய் தடவிய தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கவும். இனிச் சுட வேண்டியதுதான்.

மணல் அடுப்பு

மின்சார அடுப்பு இல்லாவிடினும் கவலையில்லை. கனத்த அடியுள்ள இரும்பு அண்டாவோ பெரிய மண் சட்டியோ போதும். அதில் நன்கு கழுவி உலர்த்திய பருமணலை இரண்டு அங்குல உயரம் பரப்பி, நடுவில் ஒரு பிரிமனை போன்ற இரும்பு வளையத்தை வைத்து, இறுக்கமான மூடியால் மூடி, அடுப்பில் ஏற்றிப் பத்து நிமிடம் காயவிடவும். மணல் வெப்பத்தைத் தாங்கிக்கொண்டு சீராக வெளிவிடும். விறகுத் தீ ஏறி இறங்கினாலும் பலகாரம் கருகாது.

வெப்பம் போதுமா என்றறிய, ஒரு சிறு தட்டில் சிட்டிகை மாவைத் தூவி உள்ளே வைத்து மூடவும். ஐந்து நிமிடத்தில் மாவு பொன்னிறமானால் பதம் சரி. ஒரு நிமிடத்திலேயே கருத்தால் தீயைக் குறைக்க வேண்டும். நிறமே மாறாவிடில் தீயைக் கூட்ட வேண்டும்.

பிறகு உருண்டைத் தட்டை வளையத்தின்மீது வைத்து மூடி, மூடியின்மேல் சிறிது கனலைப் பரப்பினால் மேற்புறமும் சிவக்கும். பன்னிரண்டு நிமிடம் சென்றபின் ஒருமுறை திருப்பிவிட்டு, மேலும் ஆறு முதல் எட்டு நிமிடம் சுடவும். சூட்டில் மிருதுவாக இருப்பது கண்டு 'வேகவில்லை' என்று எண்ணி மேலும் சுடக்கூடாது. ஆறியபிறகே அவை இறுகும். முறத்தில் பரப்பி முற்றும் ஆறவிட்டே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

வெயில் காலத்தில் இவை பத்து நாட்கள் வரை கெடாமல் இருக்கும்; மழைக்காலத்தில் ஐந்தாறு நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். இன்னும் சில நாள் வைக்க விரும்புவோர், ஆறிய உருண்டைகளைத் தீ அணைந்த மணல் அடுப்பின் வெதுவெதுப்பில் மீண்டும் அரைமணி நேரம் வைத்தெடுக்கலாம். பிஸ்கட் என்னும் ஐரோப்பியச் சொல்லுக்கே 'இருமுறை சுட்டது' என்பதுதான் பொருள்.

கவனிக்க வேண்டியவை

நிலக்கடலையில் ஒன்றிரண்டு பூஞ்சை பிடித்தவையோ, சுருங்கி நிறம் மாறியவையோ இருந்தால் அவற்றைத் தயங்காமல் பொறுக்கி எறிய வேண்டும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் இலட்சக்கணக்கில் மடிந்தபோதுதான் அப்பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு உலகிற்குத் தெரியவந்தது. அந்நஞ்சு கல்லீரலைத் தாக்குவது. வறுப்பதாலும் சுடுவதாலும் அது முற்றும் அழியாது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் செய்யும்போது கடலையையும் விதைகளையும் நன்றாகப் பொடித்தே சேர்க்க வேண்டும். முழுக்கடலை மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளக்கூடும். வெல்லத்திற்குப் பதில் மலைத்தேன் சேர்க்க விரும்புவோர், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்பதை மறத்தல் கூடாது.

உருண்டையைத் தேநீருடன் உண்பது நம்மவர் வழக்கமாகிவிடும். தேநீரின் துவர்ப்பு, உணவின் இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். மாறாக ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ உடன் உண்டால் அச்சத்து நன்கு சேரும். நெல்லியை மாவுடன் சேர்த்துச் சுட்டால் அதிலுள்ள உயிர்ச்சத்தில் பெரும்பகுதி வெப்பத்தில் அழிந்துவிடும். ஆகவே அதைப் பச்சையாகவே உண்ண வேண்டும்.

உலக்கை என்னும் தடை

இதுவரை கூறிய செய்முறை எளியதே. அப்படியிருக்க, சாமை விளையும் வீட்டிலேயே சாமைப் பலகாரம் ஏன் அரிதாயிற்று? இக்கேள்விக்கு விடை அடுக்களையில் இல்லை, உரலில் இருக்கிறது.

நெல்லைப்போல் சாமைக்கும் கடினமான உமி உண்டு. ஆனால் மணியோ மிகச் சிறியது. அதை உரலில் இட்டு இடிக்க வேண்டும், புடைக்க வேண்டும், மீண்டும் இடிக்க வேண்டும், பிறகு கல்லும் மண்ணும் அரிக்க வேண்டும். வயலில் பகலெல்லாம் வேலை செய்த பெண், ஒருவேளைச் சோற்றுக்காக மாலையில் இந்த உழைப்பை மேற்கொள்ள வேண்டும். ஆண்மக்கள் இவ்வேலையில் கை கொடுப்பது அரிது. நியாயவிலைக் கடை அரிசியோ உலைக்கு ஆயத்தமாக வருகிறது. அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்பதில் வியப்பொன்றுமில்லை. அதற்காக அவளைக் குறை கூறுவதும் நியாயமன்று. 'சத்துள்ள பழைய உணவை மறந்துவிட்டீர்கள்' என்று மேடையில் பேசுவோர், அந்த உணவைச் சமைத்த கைகளின் காய்ப்பையும் நினைத்துப் பேசுதல் வேண்டும்.

ஆகவே விவசாயி சாமையை உமியோடு வியாபாரியிடம் விற்கிறான். அரிசியாக்கும் கூலியும் லாபமும் வெளியூர் ஆலைக்குச் சேர்கின்றன. விலை கட்டுப்படியாகாதபோது நிலம் மரவள்ளிக்கும் மக்காச்சோளத்திற்கும் மாறுகிறது. மரவள்ளி பணம் தருவது உண்மையே. ஆனால் கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். விலை விழுந்த ஆண்டில் வீட்டில் தானியமும் இராது.

கொல்லிமலை தரும் பாடம்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலும் மலையாளிப் பழங்குடியினரே வாழ்கின்றனர். அங்கும் மரவள்ளி பரவியதால் சாமை, தினை ஆகியவற்றின் பரப்பு சுருங்கிற்று. சென்னையில் 1988ஆம் ஆண்டு நிறுவப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990களிலிருந்து அம்மலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டது. விதையைப் பாதுகாப்பதோடு அப்பணி நிற்கவில்லை. மலைக் குடியிருப்புகளிலேயே சிறிய உமி நீக்கும் இயந்திரங்கள் நிறுவப்பட்டன. அவற்றை நடத்தும் பொறுப்பு சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. சாமையரிசியும் ரவையும் மாவு வகைகளும் ஆங்கே செய்து விற்கப்பட்டன.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? உலக்கையின் பாரம் இறங்கினால்தான் சாமை மீண்டும் வீட்டு உணவாகும்; வீட்டு உணவானால்தான் பலகாரமாகும்; பலகாரமானால்தான் விற்பனைப் பொருளாகும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் கவர்ச்சியான பொட்டலம் அச்சிட்டுக் கடைசியில் தானியத்தைத் தேடிப் புறப்படும் முயற்சிகள் நிலைப்பது கடினம்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

1. உமி நீக்கும் இயந்திரம் அமைக்க இடமும் மின்சாரமும் ஏற்பாடு செய்வது முதற்கடமை. இவ்வியந்திரத்தில் தானியம் வேகமாகச் சுழற்றப்பட்டுச் சுவரில் மோதுவதால் உமி உடைகிறது. விசிறியின் காற்று அதைப் பிரித்துத் தள்ளுகிறது. இயந்திரம் வாங்குமுன், அது ஓடுவதற்கு மும்முனை மின்சாரம் வேண்டுமா, அது அக்குடியிருப்பில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். கல் நீக்கும் சல்லடையும் உடன் இல்லாவிடில் பயன் பாதியே.

2. இயந்திரத்தைப் பெண்கள் குழுவிடம் ஒப்படைத்து, படிக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயித்து, பழுது பார்ப்பதற்கென ஒரு பகுதியைத் தனியே சேமிக்கச் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கிற்று. அது இன்று ஊர்தோறும் வேரூன்றியிருப்பதால் புதிதாகச் சங்கம் அமைக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் பழுது பார்க்கத் தெரிந்த இருவரேனும் அந்தந்த ஊரிலேயே இருக்க வேண்டும். சிறு பழுதுக்காக மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் இயந்திரம் எவருக்கும் பயன்படாது.

3. அங்கன்வாடி மையத்திலோ பள்ளியிலோ தாய்மார்களைக் கூட்டி, மணல் அடுப்பில் இப்பலகாரத்தைச் செய்து காட்டலாம். கேட்டதைவிடக் கண்டது நினைவில் நிற்கும். கண்டதைவிட உண்டது நிற்கும். ஆண்களையும் அழைத்தல் நலம்.

4. விற்பனையை நாடும் குழுவினர், முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பொட்டலத்தின்மேல் சேர்ந்துள்ள பொருள்கள், எடை, செய்த நாள், எந்நாளுக்குள் உண்ண வேண்டும் என்பவற்றை எழுத வேண்டும். கடலையும் எள்ளும் சிலருக்கு ஒவ்வாமை தருமாதலால் அவற்றைக் குறிப்பிடுதல் இன்றியமையாதது.

5. விலை வைக்கும்போது தானியம், வெல்லம், எண்ணெய், விறகு, பொட்டலம் ஆகியவற்றின் செலவுடன், செய்பவரின் கூலியையும் வீட்டுச் சாமையின் சந்தை விலையையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். 'சாமை நம் வயலில் விளைந்தது, வேலை நாம் செய்தது' என்று இரண்டையும் கணக்கில் விட்டுவிட்டால், லாபம்போல் தோன்றி நஷ்டமே மிஞ்சும். தொடக்கத்தில் வாரச் சந்தை, பள்ளிக்கூடம், மலைக்குச் சுற்றுலா வருவோர் என்று அருகிலுள்ள வாடிக்கையே போதும். பத்து நாளில் கெடும் பொருளைத் தொலைதூரத்திற்கு அனுப்ப முனைவது இழப்பில் முடியும்.

6. மேற்கண்டவற்றைக் கிராம சபைக் கூட்டத்தில் வைத்து விவாதிக்க வேண்டும். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் சபையில், 'நம் ஊரில் எத்தனை குடும்பம் சாமை பயிரிடுகிறது? அதில் எவ்வளவு வீட்டில் தங்குகிறது? அதை அரிசியாக்க ஒரு பெண் எவ்வளவு நேரம் செலவிடுகிறாள்?' என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கண்டு பதிவு செய்தாலே, இயந்திரம் எங்கே தேவை என்பது தானே விளங்கும்.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை

விதைக்கும் நிலம் முழுவதையும் சாமைக்குத் திருப்ப வேண்டும் என்று எவரும் கூறவில்லை. மரவள்ளியோ மக்காச்சோளமோ பணத்திற்கு வேண்டியிருக்கலாம். ஆனால் ஆண்டு முழுவதும் வீட்டுக் குழந்தைகளுக்கு வேண்டிய அளவு தானியம் தரும் ஒரு துண்டு நிலத்தைச் சாமைக்கும் கேழ்வரகிற்கும் ஒதுக்கலாம். வரப்போரத்தில் எள்ளும், வேலியோரத்தில் பூசணிக் கொடியும் இடலாம். திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இயங்கி வருகிறது. மேம்பட்ட சாமை இரகங்களைப் பற்றி அங்கே ஆலோசனை பெறலாம். தலைமுறையாகக் காத்துவந்த சொந்த விதையையும் ஒரு குதிரில் தனியே வைத்துக்கொள்வது நல்லது.

ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. நகரத்துக் கடைகளில் சாமை இன்று மதிப்புள்ள பண்டமாகிவிட்டது. அம்மதிப்பில் ஒரு பங்கு மலைக்கும் வர வேண்டும். அதற்கு முன்பாக, அத்தானியத்தின் சத்தில் ஒரு பங்கு அதை விளைவித்தவரின் குழந்தைக்குச் சேர வேண்டும். உரலின் பாரத்தைக் குறைக்கும் ஓர் இயந்திரம், மணல் பரப்பிய ஒரு சட்டி, கணக்கறிந்த ஒரு பெண்கள் குழு, அக்கறையுள்ள ஒரு பஞ்சாயத்து ஆகிய நான்கும் ஓர் ஊரில் ஒன்றுசேர்ந்தால் இது கைகூடும். வரும் கிராம சபையிலேயே இதற்கான முதற்பேச்சு எழுமாக.